ஸ்பொஞ்ச் ஒட்டியும் வெளியில கேட்ட அறை: திருகோணமலையில நடந்த ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டடமும் ஆக்களும்

திருகோணமலை டவுனுக்குள்ள, டச்சுக் குடாவுக்கு நடந்து போற தூரத்தில, வாடகை வீடு ஒண்டில இயங்கிற சின்ன அமைப்பு. உளவளத்துணை குடுக்கிறதுதான் முக்கிய வேலை. மூதூர், குச்சவெளி, வெருகல் எண்டு தூரத்தில இருந்தெல்லாம் பஸ் ஏறி வருவினம், அநேகம் பொம்பிளையள். அமைப்பிட பேரோ ஆக்களிட பேரோ இதில வராது. நான் போனது கட்டடப் பக்கத்தைப் பாக்க மட்டும்தான், அதால அவையிட கதையள் எனக்கும் தெரியாது, தெரியவும் கூடாது.

வீடு பழைய வீடு. முன்னுக்கு விறாந்தை, அதுக்குப் பின்னால 24 அடிக்கு 12 அடியில ஹோல். அந்த ஹோலை நடுவால மறிச்சு ஒரு பாதியில வாறவை இருந்து காத்திருக்கிறது, மற்றப் பாதி ஆலோசனை அறை. மறிப்பு எண்டது மரச்சட்டம் அடிச்சு ரெண்டு பக்கமும் 6 மில்லிமீற்றர் பிளைவூட், நடுவில வெறும் காத்து. கதவும் உள்ளுக்க கோதான ரெடிமேட் கதவுதான். கதவுக்கு மேல காத்துக்கெண்டு 3 அடி அகலம் 1 அடி உயரத்தில ஒரு கிறில் விட்டிருந்தவை. மற்ற மூண்டு பக்கமும் புளொக் கல்லுச் சுவர், வடிவா பூசினது. நிலம் ரைல்ஸ். மேல மெல்லிய சீலிங் சீற், அதுக்கு மேல அஸ்பெஸ்ரஸ் கூரை. எங்கட பக்கத்தில பாதி ஒபீஸ் இப்பிடித்தான் இருக்கும், வீட்டை எடுத்து நடுவால பலகையால மறிச்சா ரெண்டு அறை.

முறைப்பாடு வந்த விதம்

2022 பங்குனிக் கடைசியில நாடு முழுக்க கரண்ட் வெட்டின காலம், சில நாள் 13 மணித்தியாலம் வரைக்கும் போச்சு. அந்த நேரத்திலதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. கரண்ட் இல்லாத ஒரு காலமை, காத்திருந்த ஒரு பொம்பிளை தன்ர முறை வந்து உள்ளுக்க போய் இருந்த உடனே சொன்னவவாம், "மிஸ், முதல் வந்தவ சொன்னது எல்லாம் எனக்குக் கேட்டது. நான் சொல்லுறதும் அங்க கேக்கும்தானே?" பேந்து அவ ஊர்ப் புதினம் கொஞ்சம் கதைச்சிட்டு எழும்பிப் போயிட்டா. திருப்பி வரயில்ல.

உளவளத்துணை குடுக்கிற துணையாளர் அதை அப்பிடியே குறிச்சு வைச்சிருக்கிறா. அதுக்குப் பிறகு கவனிச்சுப் பாத்தா, மற்றவையும் உள்ளுக்க வந்து கதவைத் திரும்பித் திரும்பிப் பாக்கினமாம், குரலைத் தணிச்சு ரகசியம் மாதிரிக் கதைக்கினமாம், முக்கியமான இடம் வரேக்க கதையை மாத்தினமாம். திருகோணமலை என்ன பெரிய ஊரே, வெளியில கதிரையில இருக்கிறவ புருசன்ட ஒண்டுவிட்ட தங்கச்சியா இருந்தாலும் ஆச்சரியம் இல்ல. இந்த மாதிரி இடத்தில சத்தம் வெளியில போறது சேவையையே நிப்பாட்டிற பிரச்சினை.

ஏன் கரண்ட் போனாப் பிறகுதான் தெரிய வந்தது எண்டதும் முக்கியம். அந்த மறிப்பு முதல் நாளில இருந்தே அப்பிடித்தான் ஓட்டையா இருந்தது. ஆனா மேல சுத்திற பழைய பேன், றோட்டால போற ஆட்டோ, பக்கத்துக் கடையில ரேடியோ எண்டு வெளிப்பக்கம் எப்பவும் 45, 50 டெசிபெல் (சத்தத்தை அளக்கிற அலகு) மட்டில ஒரு இரைச்சல் இருந்து கதையை மூடிக்கொண்டு இருந்தது. சாதாரணமாக் கதைக்கிற குரல் ஒரு மீற்றர் தள்ளி 60 டெசிபெல் அளவில இருக்கும். மறிப்பு அதில 15 அளவைக் குறைச்சா வெளியில 45, பேனோட கலந்து விளங்காமப் போயிடும். பேனும் நிண்டு, பெற்றோல் இல்லாம ஆட்டோவும் ஓடாம, வெளி 30 பக்கத்துக்கு இறங்கின உடனே அதே 45 சொல்லுச் சொல்லா விளங்கும். மறைப்பு எண்டது சுவர் எவ்வளவு மறிக்குது, மற்றப்பக்கம் எவ்வளவு இரைச்சல் இருக்கு எண்ட ரெண்டும் சேந்த கணக்கு. அமைதியான இடத்தில இருக்கிற ஒபீசுக்குத்தான் நல்ல சுவர் கூடத் தேவை.

முதல் எடுத்த முடிவு

ஒபீஸ் ஆக்கள் யூடியூப்பில தேடி, ரெக்கோர்டிங் ஸ்ரூடியோவில ஒட்டியிருக்கிற மாதிரி கூம்பு கூம்பா இருக்கிற ஒரு இஞ்சி ஸ்பொஞ்சை கொழும்பில இருந்து எடுப்பிச்சு, மறிப்பிட உள்பக்கமும் எதிர்ச் சுவரும் முழுக்க ஒட்டினவை. (முட்டை அட்டை ஒட்டுவம் எண்டும் ஒராள் சொன்னவராம், நல்ல காலம் அது நடக்கயில்ல.)

ஒட்டி முடிச்ச அண்டைக்கு எல்லாருக்கும் சந்தோசம், ஏனெண்டா உள்ளுக்க வித்தியாசம் உடனே தெரிஞ்சது. முந்தி கைதட்டினா ரைல்சிலயும் சுவரிலயும் பட்டு இழுத்துக்கொண்டு நிக்கும், இப்ப டப் எண்டு நிண்டிட்டுது. ஆனா வெளிக் கதிரையில இருந்து கேட்டவ, "இப்பதான் இன்னும் தெளிவாக் கேக்குது" எண்டு சொல்லியிருக்கிறா. அது அவட மனப்பிரமை இல்ல. இரண்டாம் படை ஒட்டுவமா எண்டு யோசிச்ச நேரத்திலதான் என்னைக் கூப்பிட்டவை.

ஸ்பொஞ்ச் என்ன செய்தது, என்ன செய்யயில்ல

இதில கொஞ்சம் நிண்டு சொல்லோணும், ஏனெண்டா ஊரில முக்கால்வாசிப் பேர் காசு விடுற இடம் இதுதான். ஒரு பொருள் சத்தத்தை உறிஞ்சுறது வேற வேலை, மறிக்கிறது வேற வேலை. ரெண்டையும் "சவுண்ட் புரூவ்" எண்ட ஒரே பேரில விக்கிறாங்கள்.

1895 இல அமெரிக்காவில ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில ஒரு விரிவுரை மண்டபத்தில என்ன கதைச்சாலும் விளங்காம எதிரொலிக்குது எண்டு சொல்லி, வொலஸ் சபின் எண்ட இளம் பௌதிக ஆசிரியர்ட்ட பொறுப்புக் குடுத்தவை. அவர் இரவில, ஊர் அடங்கினாப் பிறகு, பக்கத்து நாடக அரங்கில இருந்து கதிரை மெத்தையளைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுப் போட்டு, ஓர்கன் குழாய் ஒண்டை ஊதி, சத்தம் எவ்வளவு நேரத்தில அடங்குது எண்டு நிறுத்தற்கடிகாரம் வைச்சுப் பாத்தார். மெத்தை ஒண்டும் இல்லாட்டி அஞ்சரை செக்கனுக்கு மேல இழுத்தது. அதில இருந்து வந்த சூத்திரம்தான் இண்டைக்கும் பாவிக்கிறது: அறையிட கனவளவை 0.161 ஆல பெருக்கி மொத்த உறிஞ்சலால பிரிச்சா, சத்தம் 60 டெசிபெல் விழ எடுக்கிற செக்கன் வரும். உறிஞ்சலுக்கு அவர் எடுத்த அலகு திறந்த யன்னல். ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குப் போற சத்தம் திரும்பி வராது, அப்ப அது முழு உறிஞ்சல், 1.

இதைப் பிடிச்சா மிச்சம் எல்லாம் விளங்கும். திறந்த யன்னல் உறிஞ்சிறதில நூத்துக்கு நூறு, மறிக்கிறதில பூச்சியம். பூசின கல்லுச் சுவர் உறிஞ்சிறதில 0.02, 0.03 தான், கிட்டத்தட்ட எல்லாத்தையும் திருப்பி அடிக்கும், ஆனா மறிக்கிறதில 40 டெசிபெலுக்கு மேல. ஸ்பொஞ்ச் திறந்த யன்னல் பக்கத்து ஆள்.

அந்த அறையை அளந்தா 3.6 மீற்றருக்கு 3.6, உயரம் 3, கனவளவு 39 கன மீற்றர் மட்டில. வெறுஞ் சுவர், ரைல்ஸ், ரெண்டு ஆள், கொஞ்சத் தளபாடம் எல்லாம் சேத்தும் உறிஞ்சல் 4 சதுர மீற்றருக்குக் கிட்ட, அப்ப ஒண்டரை செக்கன் இழுவை. ஸ்பொஞ்ச் ஒட்டினா குரலிட மேல் அதிர்வெண்ணில உறிஞ்சல் 16 பக்கம் போகும், இழுவை 0.4 செக்கன். உறிஞ்சல் நாலு மடங்காகினா அறைக்குள்ள சுத்திற சத்தம் 6 டெசிபெல்தான் குறையும், அதுக்கு மேல இல்ல. அதுவும் தடித்த ஆம்பிளைக் குரலிட அடிப்பகுதி, 125 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 125 தரம் அதிருறது) மட்டில, ஒரு இஞ்சி ஸ்பொஞ்சை மதிக்கவே மதிக்காது. வாயில இருந்து நேரா மறிப்பில போய்ப் படுற சத்தத்தில மாற்றம் இல்ல. இழுவை போனதால சொல்லு ஒண்டோட ஒண்டு குழம்பாம பிரிஞ்சு கேக்குது, அதைத்தான் வெளியில இருந்தவ "தெளிவு" எண்டு சொன்னவ. அதோட தன்ர குரல் திரும்பிக் காதுக்கு வராட்டி ஆக்கள் தங்களை அறியாம கொஞ்சம் கூட்டித்தான் கதைப்பினம்.

மறிக்கிறதுக்கு முதல் வேண்டியது பாரம். ஒரு சதுர மீற்றர் ஒரு இஞ்சி ஸ்பொஞ்ச் அரைக் கிலோ வரும். பிளைவூட் ரெண்டு பக்கமும் சேத்து 7, 8 கிலோ. பூசின 4 இஞ்சிக் கல்லுச் சுவர் 200 கிலோவுக்கு மேல. பாரத்தை இரட்டிச்சா கணக்குப்படி 6 டெசிபெல், சைற்றில அதிலும் கொஞ்சம் குறைய. 8 கிலோச் சுவருக்கு அரைக் கிலோவைச் சேத்தா என்ன நடக்கும் எண்டு நீங்களே பாருங்கோ.

பாத்த விதம்

உண்மையான ஆக்கள் கதைக்கேக்க ஒட்டுக்கேட்டுப் பாக்கிறது சரிவராது எண்டதால, பின்னேரம் எல்லாரும் போனாப் பிறகு பேனை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தம். துணையாளர் தன்ர வழக்கமான கதிரையில இருந்து வழக்கமான குரலில ஒரு பட்டியலை வாசிக்க, வரவேற்பில வேலை செய்யிற தங்கச்சி வெளியில மறிப்போட ஒட்டின கதிரையில இருந்து கேட்டதை எழுதோணும். முதல் பட்டியல் ஊர்ப் பேர்: கன்னியா, நிலாவெளி, சாம்பல்தீவு, தம்பலகாமம், உப்புவெளி, திரியாய். எல்லாம் சரியா எழுதிப்போட்டா. ஆனா அது சரியான சோதினை இல்ல, "வெளி" எண்டு வால் மட்டும் கேட்டாலே எங்கட ஆள் நிலாவெளி எண்டு நிரப்பிப்போடும். அதால அடுத்தது பள்ளிக்கூடப் புத்தகத்தில இருந்து அங்கொண்டும் இஞ்சொண்டுமா எடுத்த சம்பந்தம் இல்லாத 20 சொல்லு. அதிலயும் 17 சரி. ஸ்பொஞ்ச் ஒட்டின அறைக்கு அது.

பேந்து ஒவ்வொரு வழியாத் தற்காலிகமா அடைச்சுப் பாத்தம். இது செலவில்லாத வேலை, ஆனா எங்க காசு போடோணும் எண்டதை இதுதான் சொல்லும். கதவுக்கு மேல இருந்த கிறிலை தடிச்ச பலகை வைச்சு சுத்திவர ரேப் அடிச்சு மூடினம், அந்தச் சொல்லுக் கணக்கு பாதி அளவுக்கு இறங்கிச்சு. கதவுக்குக் கீழ முக்கால் இஞ்சி இடைவெளி, அதுக்கு ஈரத் துவாயைச் சுருட்டி வைக்க இன்னும் குறைஞ்சது. கதிரையை மாத்திப் போட்டும் பாத்தம், அதுக்கும் ஒரு பலன் இருந்தது.

ஓட்டைக் கணக்கு சிம்பிள். சுவரிட பரப்பில நூறில ஒரு பங்கு திறந்திருந்தா, மிச்சச் சுவர் என்னவா இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல மறிக்க ஏலாது. ஆயிரத்தில ஒண்டெண்டா 30. அந்தக் கிறில் மட்டும் மறிப்பில ரெண்டரை வீதம், அப்ப கூடினது 16. தண்ணித் தாங்கியிட சுவரை எவ்வளவு தடிப்பாக் கட்டினாலும் அடியில ஓட்டை இருந்தா என்ன நடக்குமோ அதுதான்.

கிறிலையும் கதவுக்குக் கீழ இடைவெளியையும் அடைச்சும் மேலால ஒரு முணுமுணுப்பு வந்துகொண்டே இருந்தது. சீலிங்கிட ஒரு சீற்றைத் தூக்கி ரோர்ச் அடிச்சுப் பாத்தா, மறிப்பு சீலிங்கோட நிண்டிட்டுது, அதுக்கு மேல ரெண்டு அறைக்கும் ஒரே பொதுக் கூரைவெளி. வயர் இறக்கின ஓட்டையள் வேற. அறைக்குள்ள கதைக்கிறது சீலிங்கைத் தாண்டி மேல போய், கூரைச் சீற்றில பட்டு மற்றப்பக்கச் சீலிங்கால இறங்கி வருது. இந்த நாட்டில பலகை மறிப்புப் போட்ட கட்டடங்களில இது ஒரு நிரந்தர வருத்தம், ஆராவது "பக்கத்து அறையில கதைக்கிறது கேக்குது" எண்டு சொன்னா நான் முதல் அண்ணாந்து பாக்கிறது அதுக்குத்தான்.

யோசிச்ச வழியளும் எடுத்த முடிவும்

ஆகச் செலவு குறைஞ்ச வழி, அறையையே பின்பக்க ஸ்ரோருக்கு மாத்திறது. நாலு பக்கமும் கல்லுச் சுவர், காத்திருக்கிற ஆக்களுக்குக் கிட்ட இல்ல. கட்டடக் கணக்குக்கு அதுதான் சரி. துணையாளர் வேண்டாம் எண்டிட்டா: வாறவை முழு ஒபீசையும் தாண்டி, எல்லாற்ற கண்ணிலயும் பட்டுப் போகோணும், அதோட ஏதும் அவசரம் எண்டா முன்னுக்கு இருக்கிறவைக்குத் தெரியாத இடத்தில தனிய ஒராளோட இருக்கிறதும் பாதுகாப்பில்ல. நியாயமான மறுப்பு, சத்தத்தை மட்டும் பாத்து முடிவெடுக்க ஏலாது.

இரண்டாவது, பலகையை எடுத்திட்டு கூரை வரைக்கும் கல்லுச் சுவர். மறிக்கிறதுக்கு நல்லம், ஆனா அந்த நீளத்துக்கும் உயரத்துக்கும் மூண்டு தொன் அளவில பாரம் வரும், கீழ அத்திவாரம் இல்ல, கடற்கரை மணலுக்கு மேல மெல்லிய கொங்கிரீட், அதுக்கு மேல ரைல்ஸ். வெடிக்கும். வீட்டுக்காரரும் நிலத்தை வெட்ட விடமாட்டன் எண்டிட்டார், வாடகைக்கு இருக்கிறவை கேக்கவும் ஏலாது.

அதால மூண்டாவது: ஒண்டோட ஒண்டு முட்டாத ரெண்டு ஜீஐ (நாகம் பூசின இரும்பு) சட்டம், ஒவ்வொரு வெளிப்பக்கத்திலயும் 12.5 மில்லிமீற்றர் ஜிப்சம் போட் ரெண்டு படை, நடுவில ரொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு), மறிப்பு சீலிங்கைத் தாண்டி கூரைச் சீற் வரைக்கும். மொத்தத் தடிப்பு 8 இஞ்சிக்குள்ள. பாரம் சதுர மீற்றருக்கு ஒரு பக்கம் 18 கிலோ, ரெண்டு பக்கமும் சேத்தும் கல்லுச் சுவரில அஞ்சில ஒண்டுக்கும் குறைவு, ஆனா ரெண்டு பக்கமும் தனித்தனியா நிக்கிறதால ஒரு பக்கம் அதிர்ந்தா மற்றப்பக்கத்துக்குச் சட்டம் வழியாப் போகாது.

பழைய பிளைவூட் மறிப்பும் ரெண்டு தோல், நடுவில காத்துத்தானே எண்டு கேக்கலாம். கேட்டவை. ரெண்டு தோலும் நடுவில அடைபட்ட காத்தும் சேந்து ஸ்பிறிங் மாதிரி ஒரு அதிர்வெண்ணில ஒத்தாடும், அந்த இடத்தில சுவர் மறிக்கிறதை விட்டிட்டுச் சத்தத்தைக் கடத்தும். பழைய மறிப்புக்குக் கணக்குப் பாத்தா அது 200 ஹேர்ட்ஸ் பக்கம், பொம்பிளைக் குரலிட அடிச்சுருதி நிக்கிற இடம். பாரத்தைக் கூட்டி இடைவெளியையும் கூட்டினா அது 50 ஹேர்ட்சுக்கு இறங்கும், அங்க ஒருத்தரும் கதைக்கிறதில்ல. நடுவில போடுற ரொக்வூல் அந்த வெளிக்குள்ள சத்தம் சுத்திறதை உறிஞ்சும். உறிஞ்சிற பொருள் மறிப்புக்கு உதவுற இடம் அதுதான், சுவருக்கு உள்ளுக்க. அறைப்பக்கம் ஒட்டினா அல்ல.

கதவைப் பத்தித்தான் கூட நேரம் கதைச்சம். சுவர் 50 டெசிபெல், முழுப்பலகைக் கதவு நல்லா அடைச்சா 30 எண்டு எடுத்தா, ரெண்டும் சேந்த மறிப்பு 37 தான் வரும். ஜிப்சத்தை இன்னொரு படை கூட்டிச் சுவரை 55 ஆக்கினாலும் அதே 37. அதால மூண்டாம் படைக்கு யோசிச்ச காசைக் கதவுக்கு மாத்தினம். 60 இல 37 போனா 23, கரண்ட் இல்லாத அமைதியான காலமைக்கும் கீழ.

ஸ்பொஞ்சைக் கழட்டிறது எண்டும் முடிவெடுத்தம், அது சத்தத்துக்காக இல்ல. அதை பிளக் பொயின்ற்றைச் சுத்தி ஒட்டியிருந்தவை. 2003 இல அமெரிக்காவிட றோட் ஐலண்டில ஒரு இரவு விடுதியில சுவரில ஒட்டின ஸ்பொஞ்சில வாணம் பட்டு 100 பேர் செத்தவை, 2013 இல பிரேசிலில சாந்தா மரியாவில அதே மாதிரி 242 பேர். நெருப்புப் பிடிச்சா புகைதான் முதல் கொல்லும். ஒரு கதவு மட்டும் உள்ள அறையில அதை வைச்சிருக்க மனம் வரயில்ல.

வேலை நடந்தது

சாமான் விலை கொஞ்சம் இறங்கி லொறியும் ஓடத் தொடங்கினாப் பிறகு, 2023 இலதான் வேலை தொடங்கிச்சு. ரொக்வூல் கொழும்பில இருந்து வந்தது. மரச்சட்டம் போடாம ஜீஐ எடுத்தது கறையானுக்காக. கடல் காத்துக்கு ஜீஐயும் நிரந்தரம் எண்டில்ல, வெட்டின முனையெல்லாம் பெயின்ற் அடிச்சம். கீழ ஒரு அடிக்கு ஜிப்சத்துக்குப் பதிலா சீமெந்து போட், நிலம் கழுவேக்க தண்ணி படும்.

கூரைச் சீற்றோட சேருற இடம்தான் கஷ்டம். அஸ்பெஸ்ரஸை வெட்டவோ துளைக்கவோ கூடாது, தூசி கிளம்பினா அது வேற வினை. அதால சீற்றைத் தொடாம, அலை அலையா இருக்கிற அந்த வளைவுக்கு அட்டை வைச்சுக் கீறி ஜிப்சத்தை அந்த வடிவுக்கு வெட்டி, மிச்ச இடைவெளிக்கு ரொக்வூலை இறுக்கி அடைஞ்சு ரெண்டு பக்கமும் சீலன்ற் பூசினம். பிளக் பொயின்ற் ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் வராம தள்ளித் தள்ளி வைச்சது, நேருக்கு நேர் வைச்சா அது ஒரு ஓட்டை.

கதவு செய்த ஓடாவி ஐயா நல்ல வேலைகாரர், ஆனா றப்பர் அடிக்கச் சொன்னதை நம்பயில்ல. "தம்பி, இந்த இடைவெளியால எறும்புதான் போகும், சத்தமே போகும்?" எண்டார். உள்ளுக்க ரேடியோவைப் போட்டிட்டு அவரை வெளியில கதவு விளிம்போட காதை வைச்சு மேல இருந்து கீழ வரச் சொன்னன். பூட்டுப் பக்கத்தில வந்து நிண்டிட்டார். பேந்து அவரே ஒரு கடதாசித் துண்டை நிலைக்கும் கதவுக்கும் இடையில வைச்சுப் பூட்டி இழுத்துப் பாக்கிறதைப் பழகிட்டார், லேசா வந்தா அந்த இடத்தில றப்பர் முட்டயில்ல, இறுக்கினா சரி. சுத்திவர அப்பிடிப் பாத்துப் பாத்து பிணைச்சலையும் ஒருக்கா மாத்தினவர். கீழ கதவு பூட்டேக்க இறங்கி நிலத்தை முட்டுற பட்டி ஒண்டு போட்டது.

கிறில் போனா காத்துக்கு என்ன செய்யிறது? வைகாசி, ஆனி வெயிலில திருகோணமலையில பூட்டின அறைக்குள்ள இருந்து ஆராலயும் மனம் விட்டுக் கதைக்க ஏலாது. பின்சுவரில ஒரு துவாரம் எடுத்து, ரெண்டு இடத்தில மடிஞ்சு போற பலகைப் பெட்டி ஒண்டை வைச்சு, உள்பக்கம் முழுக்க துணி சுத்தின ரொக்வூல். காத்து வளைஞ்சு போகும், சத்தம் ஒவ்வொரு வளைவிலயும் ரொக்வூலில முட்டி ஓயும். ஏசியும் யோசிச்சது, கரண்ட் பில்லைப் பாத்து அவை வேண்டாம் எண்டிட்டினம்.

ஸ்பொஞ்ச் கழட்டின அறை திரும்பவும் எதிரொலிக்கத் தொடங்கினதால, ரெண்டு இஞ்சி ரொக்வூலை மரச்சட்டத்தில வைச்சுத் துணி போத்து, சுவரில இருந்து ரெண்டு இஞ்சி தள்ளி மாட்டினம், ஏழு சதுர மீற்றர் மட்டில. அந்தத் தள்ளல் சும்மா இல்ல, பின்னால இடைவெளி இருந்தா தாழ்ந்த குரலையும் கொஞ்சம் பிடிக்கும். யன்னலுக்குத் தடிச்ச திரை. துணியிட நிறத்தைத் துணையாளரே தெரிஞ்சவ.

அதுக்குப் பிறகு

அதே மாதிரி 20 சொல்லு, வேற பட்டியல், பேன் நிப்பாட்டி, யன்னல் பூட்டி: ஒரு சொல்லும் எழுத ஏலயில்ல. ஆம்பிளைக் குரலில வாசிக்க ஒரு முனகல் மட்டும் வந்தது, ஆர் கதைக்கினம் எண்டு தெரியும், என்ன எண்டு தெரியாது. சொல்லை விளங்கப்பண்ணிறது மெய்யெழுத்துச் சத்தங்கள், அதுகள் 1000 ஹேர்ட்சுக்கு மேல இருக்கிறதால சுவர் அதுகளை நல்லா மறிச்சிடும், அடிச்சுருதிதான் மிஞ்சி வரும். அது போதும் எண்டு துணையாளர் ஏற்றுக்கொண்டா.

ஆனா யன்னலைத் திறந்து வைச்சுப் பாக்கேக்க 6 சொல்லு விழுந்தது. ஆலோசனை அறை யன்னலுக்கும் வெளி ஹோல் யன்னலுக்கும் இடையில நாலடிதான், சத்தம் ஒண்டால வெளியில போய் மற்றதால உள்ளுக்க வருது. இவ்வளவு செலவழிச்சு சுவரைக் கட்டிப்போட்டு அதைச் சுத்தி வாறதைப் பாக்க ஒபீஸ் பொறுப்பாளருக்கு முகம் கறுத்துப்போச்சு. ரெட்டைக் கதவு யன்னல் எண்டதால, ஒண்டுக்கொண்டு கிட்ட இருக்கிற கதவுகளை ஆணி அடிச்சு நிரந்தரமாப் பூட்டி, தூரத்துக் கதவுகளை மட்டும் திறக்க விட்டது. திறந்து நிக்கிற கதவே நடுவில மறைப்பாவும் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு ரெண்டு சொல்லு. காத்திருக்கிற கதிரையளையும் மறிப்பில இருந்து எடுத்து விறாந்தைப் பக்கம் போட்டினம், பற்றரியில ஓடுற சின்ன பேன் ஒண்டும் அங்க கரண்ட் இல்லாட்டியும் ஓடும். ரேடியோ போடுவம் எண்டதை நான் மறுத்தன், பாட்டுக்கும் கதைக்கும் இடையில அமைதி விழும், அந்த இடைவெளியில ஒரு பேர் தப்பினாலும் காணும். பேன் இரைச்சல் விடாம ஒரே மாதிரி இருக்கும்.

துணையாளர் சொன்னதில ஒண்டு: ஆக்கள் கதவைத் திரும்பிப் பாக்கிறது நிண்டிட்டுது எண்டில்ல, ஆனா கதவு பூட்டேக்க வாற அந்தத் தடிச்ச சத்தத்துக்குப் பிறகு தோள் இறங்கிறது தெரியுதாம். அழுகிற ஆக்கள் இப்ப வாயைப் பொத்துறது குறைவாம். முதல் முறைப்பாடு சொன்ன பொம்பிளைக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினது, அவ வரயில்ல.

திருப்பிச் செய்யிறதெண்டா

வீடு பாக்கப் போகேக்கயே சீலிங்கை ஒருக்காத் தூக்கிப் பாக்கிறது, யன்னலுக்கு யன்னல் எவ்வளவு தூரம் எண்டு பாக்கிறது, இந்த ரெண்டும் வாடகை ஒப்பந்தத்துக்கு முதல் நடக்கோணும். ரேப்பும் துவாயும் வைச்சு அடைச்சுப் பாக்கிற சோதினை எந்தச் சாமானும் வாங்க முதல், அதிலயும் யன்னல் திறந்து ஒருக்கா, பூட்டி ஒருக்கா. ஸ்பொஞ்சுக்குப் போன காசுக்குக் கதவு வந்திருக்கும்.

கதவிட இடத்தையும் மாத்திக் கேப்பன். இப்பவும் முழு மறிப்பிலயும் பலவீனமான இடம் அதுதான், றப்பர் வெயிலுக்கும் உப்புக் காத்துக்கும் காய்ஞ்சு வெடிக்கும், வருசத்துக்கு ஒருக்கா கடதாசித் துண்டு வைச்சுப் பாக்கோணும் எண்டு எழுதிக் குடுத்திருக்கு. பக்கத்து நடைவழிக்குக் கதவு வைச்சிருந்தா அறைக்கும் காத்திருக்கிற இடத்துக்கும் நடுவில ரெண்டு கதவு வந்திருக்கும், அதுக்குக் கல்லுச் சுவரை வெட்டோணும், வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கயில்ல.

மழைதான் மிச்சம். ஐப்பசி, கார்த்திகையில அஸ்பெஸ்ரஸில மழை கொட்டேக்க உள்ளுக்க எதிர்க் கதிரையில இருக்கிறவ சொல்லுறதே விளங்காது, அந்த நேரம் கதையை நிப்பாட்டி ரீ குடிக்கினமாம். சீலிங்குக்கு மேல ரொக்வூல் விரிச்சு சீலிங் சீற்றையும் பாரமானதா மாத்தினா நல்லாக் குறையும், அதுக்கு சீலிங் சட்டம் பாரத்தைத் தாங்குமா எண்டு பாத்து விலை போட்டுக் குடுத்திருக்கிறன், காசு வந்தா அடுத்த மாரிக்கு முதல் செய்யலாம்.